நாற்பத்தாறு காலடி, மூன்று படி

பிசியோதெரபி வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். வாழ்த்துரை எழுத எனக்கு வராது. திட்டத்தான் வரும். போன மாதம் உங்கள் பிரிவுக்கு வந்து ஒரு காலைப்பொழுது முழுக்க ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதோடுதான் எழுதுகிறேன்.

அன்றைக்கு உங்களில் ஒருவர் ஒரு நோயாளியின் கோப்பில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினார். பேனாவை மூடினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஏன் ஒத்துழைக்கவில்லை என்று அந்த மனிதரிடம் யாரும் கேட்கவில்லை. பெயர் சொல்ல மாட்டேன். எழுதியவருக்குத் தெரியும்.

நானும் கேட்காமல் இருந்தவள்தான். அதனால்தான் சொல்கிறேன்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மலேசியாவில், கெடா மாநிலத்து அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தேன். பிசியோதெரபி என்ற சொல் ரப்பர் தோட்டத்துக்குள் நுழையாத காலம். வெள்ளைச் சட்டை போட்ட பெண் யாராக இருந்தாலும் மிஸ்ஸி. தாதியும் மிஸ்ஸி, நானும் மிஸ்ஸி. பிரித்துச் சொல்ல வேண்டுமென்றால் நான் ‘உருவி விடுற மிஸ்ஸி’. சுளுக்கு எடுப்பவள் என்று நினைத்துச் சிலர் எண்ணெய்ப் போத்தலோடு வந்துவிடுவார்கள். போத்தலைத் திருப்பிக் கொடுத்து எழுந்து நடக்கச் சொன்னால், ஏமாற்றிவிட்டேன் என்பது போலப் பார்ப்பார்கள்.

இருதயம் தளர்ந்துபோனவர்களுக்கு அன்று எங்களிடம் இருந்த வைத்தியம் இரண்டு. மாத்திரை, படுக்கை. மூச்சு வாங்குகிறது, கால் வீங்குகிறது, படுக்க வை. பலவீனமான இருதயத்துக்கு வேலை கொடுக்கக் கூடாது. எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான், நான் சொன்னதும் அதுதான்.

எழுபதுகளில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், செர்டாங்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதுகூட இருக்காது. அவள் புருஷனைக் கூப்பிட்டு, ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க விடாதே, அடுப்படிப் பக்கம் அனுப்பாதே, படுத்தே இருக்கட்டும் என்று விரலை ஆட்டிச் சொல்லி அனுப்பினேன். நல்ல மனிதன். சொன்னதை அப்படியே செய்தான். ஆறு மாதம் கழித்து அவளைத் தூக்கிக்கொண்டு வந்தான். கால் இரண்டும் விறகுக் குச்சி. நிற்க வைத்தால் மடங்கி விழுகிறாள். “நீங்க சொன்ன மாதிரியேதான் மிஸ்ஸி. அசையவே இல்ல” என்று பெருமையாகச் சொன்னாள். அவளைக் கெடுத்தது பாதி நோய், பாதி நான். அதற்குப் பிறகுதான் என் துறைச் சஞ்சிகைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மேல்நாட்டில் சிலர் இருதய நோயாளிகளை மெல்ல மெல்ல நடக்க வைக்கத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் வார்டில் அதைச் சொன்னால் சிரித்தார்கள்.

இனி சவரிமுத்து கதைக்கு வருகிறேன். எண்பதுகளின் நடுவில் நடந்தது.

பாடாங் செராய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே ரப்பர் தாள்களைப் புகை போட்டுக் காயவைக்கும் கொட்டகையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் சவரிமுத்து. ஐம்பத்தாறு வயது, கத்தோலிக்கர், மனைவி இறந்துபோனவர். மகன் லோரி ஓட்டிக்கொண்டு பினாங்குப் பக்கம் போய்விடுவான், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். வீட்டில் சவரிமுத்துவைப் பார்த்துக்கொண்டது மருமகள் செல்வமேரி. அவள் அதே தோட்டத்தில் மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவள். விடியுமுன் வெட்டுக்குப் போய், பால் எடுத்து முடித்து வீடு வந்து சேர மதியமாகிவிடும்.

அந்த வருடத்தில் சவரிமுத்து மூன்றாவது முறையாக எங்கள் வார்டுக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரே கதை. கால் யானைக்கால் போல வீங்கியிருக்கும். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தே தூங்குவார். ஊசி போட்டு, நீர் பிரிய வைத்து, கால் வடிந்ததும் நீர் மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்திவிடுவார். தோட்டத்து டிரெஸ்ஸர், அதாவது அங்கேயிருந்த சின்ன மருத்துவமனையைப் பார்த்துக்கொண்டவர், கடிதத்தில் ஒரே வார்த்தை எழுதியிருந்தார்: ‘டெகில்’. மலாயில் பிடிவாதக்காரன். கோப்பில் எங்கள் டாக்டர்களும் அதையே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

மூன்றாம் முறை கால் வடிந்ததும் வார்டின் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “கட்டிலைவிட்டு இறங்கி நிற்கப் பழக்கு. வீட்டுக்கு அனுப்பணும். அடுத்த தடவை வந்தால் திரும்பிப் போவார் என்று சொல்ல முடியாது” என்றார்.

நான் போனபோது செல்வமேரி சாப்பாட்டோடு வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அழ ஆரம்பித்தாள்.

“மாத்திரைய எல்லாம் தலகாணி உறைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்காரு மிஸ்ஸி. துவைக்க எடுத்தா கொட்டுது. நான் குடுத்தா வாயில போட்ட மாதிரி பண்ணுறாரு. சின்னப் புள்ளயா இவரு?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “சாகணும்னா வீட்டுலயே சாவுங்க. எதுக்கு அந்தப் பொண்ண அலைய வைக்கிறீங்க?” என்று கேட்டேன். ஆமாம், அப்படித்தான் கேட்டேன். அழகாகப் பேசத் தெரிந்திருந்தால் நான் வேறு வேலைக்குப் போயிருப்பேன்.

அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார். செல்வமேரி டிஃபன் கேரியரைக் கழுவ வெளியே போனாள். அவள் காலடிச் சத்தம் தேய்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அந்தப் புள்ள எடுத்து ஊத்துது மிஸ்ஸி.”

“என்னத்த ஊத்துது?”

“சட்டியில போறத. மருமவ. மகன் பொண்டாட்டி.” நாலு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சுக்கு நின்றார். “அந்த மாத்திரையப் போட்டா... காலையில நாலு தடவ, அஞ்சு தடவ வருது. அது வெட்டுக்குப் போற நேரம். அது போறதுக்கு முன்னாடி சட்டியத் தூக்கணும், வந்து தூக்கணும். மாத்திரை போடலன்னா... ஒரு தடவதான்.”

மூன்று முறை வந்து போன மனிதர். எத்தனை டாக்டர், எத்தனை தாதி, எத்தனை திட்டு. இதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அதில் நானும் ஒருத்தி.

“ஜம்பான் எவ்வளவு தூரம்?” என்று கேட்டேன். கக்கூஸை நாங்கள் ஜம்பான் என்போம். லயம் என்கிற வரிசை வீடுகளுக்குப் பின்னால் தள்ளித்தான் கட்டியிருப்பார்கள்.

“நாப்பத்தாறு காலடி. நடுவுல மூணு படி ஏறணும்.” யோசிக்காமல் சொன்னார். “போன மாசம் இருபது வரைக்கும் போனேன். கோழிக்கூண்டப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்கதான் தூக்கிட்டு வந்தாங்க.”

அன்று மாலை பெரிய டாக்டரிடம் போனேன். ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

“எனக்கு அவர் இரண்டு வாரம் வேண்டும்.”

“எதற்கு?”

“நடக்க வைக்க. நாற்பத்தாறு காலடி, மூன்று படி. போக, வர.”

“அது என்ன கணக்கு?”

“கக்கூஸ் கணக்கு, டாக்டர்.” காரணத்தைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல டாக்டர் அவர், ஆனால் முசுடு. “இந்த இருதயத்தை வைத்துக்கொண்டு நடக்க வைத்தால் நீ அவரைக் கொன்றுவிடலாம், தெரியுமா?”

“படுக்க வைத்தும் கொல்லலாம். அதை நான் ஏற்கெனவே பாதி செய்து பார்த்திருக்கிறேன்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு இரண்டு வாரம் கொடுத்தார். தினமும் எடை பார்க்க வேண்டும், எடை ஏறினாலோ சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அன்றோடு நிறுத்த வேண்டும், ஒரு நாள் தவறினாலும் என்னை வார்டுக்குள் விடமாட்டார். சரி என்றேன்.

கால் ஒரு பக்கம் என்றால் மூச்சு இன்னொரு பக்கம். இதைக் கேளுங்கள். இருதயம் தளர்ந்தவருக்குக் கால் தசை மட்டும் வற்றுவதில்லை. மூச்சை உள்ளே இழுக்கிற தசையும் வற்றிப்போகிறது. மூச்சை இழுப்பதற்கே பாதிச் சக்தி போய்விட்டால் நடக்க எங்கே மிஞ்சும்? நுரையீரல் நோயாளிகளுக்குச் சின்னத் துளை வழியாக மூச்சை இழுக்கவிட்டு அந்தத் தசையைப் பழக்குகிறார்கள் என்று படித்திருந்தேன். இருதய நோயாளிக்கு அது ஆகுமா என்று அந்தக் கட்டுரையில் இல்லை. எனக்கும் தெரியாது. தெரியாது என்றுதான் பெரிய டாக்டரிடமும் சொன்னேன். “மெதுவாக ஆரம்பி” என்றார்.

இன்று உங்களிடம் எண் போட்ட கருவி இருக்கிறது. திருகினால் தடை கூடும், குறையும். எங்களிடம் இருந்தது பரிசோதனைக்கூடத்து ரப்பர் அடைப்பான். அங்கே வேலை பார்த்தவரிடம் கெஞ்சி, மூன்று அடைப்பான்களில் மூன்று அளவில் துளை போட்டு வாங்கினேன். அதை ஒரு குழாயில் செருகி வாயில் வைத்து இழுக்க வேண்டும். மூக்கு வழியாகத் திருட்டு மூச்சு வரக் கூடாது, அதற்குத் துணி கவ்வும் கிளிப், நடுவில் பஞ்சு. முதல் நாள் அதை மாட்டியதும் பக்கத்துக் கட்டிலில் இருந்த பாக் மாட் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பாக் மாட் கோத்தா கோலா மூடாவைச் சேர்ந்த மீனவர், காலில் புண்ணோடு வந்தவர். மீன் விற்று விற்றுத் தமிழ் பேசப் பழகியவர்.

“அண்ணே, என்னா இது? உங்கள காயப் போடப் போறாங்களா?”

சவரிமுத்து சிரித்ததில் கிளிப் தெறித்துவிட்டது. அந்த வார்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எத்தனை இழுப்பு என்று எண்ணுவதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டார். மாலையின் மணி ஒன்றுக்கு ஓர் இழுப்பு, பத்து மணி முடிந்தால் ஓய்வு, மொத்தம் மூன்று பத்து. நடக்கத் தயாரா என்று பார்ப்பதற்கும் அதுவே உதவியது. நடக்கும் முன் ‘மரியே வாழ்க’ செபத்தைச் சத்தமாகச் சொல்லச் சொல்வேன். நடுவில் ஒரே ஒரு முறை மூச்சுக்கு நின்றால் நடக்கலாம். இரண்டு மூன்று முறை நின்றால் அன்று நடையில்லை. நாடியைப் பிடித்துப் பார்ப்பேன், கழுத்து நரம்பைப் பார்ப்பேன், ஆனால் அந்தச் செபம் சொன்னது போல எதுவும் சொல்லவில்லை. தாழ்வாரத்தில் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டி நாற்பத்தாறு காலடி அளந்து வைத்தேன்.

முதல் நாள் ஆறு காலடி. ஐந்தாம் நாள் பதினெட்டு. எட்டாம் நாள் இருபது என்ற பிளாஸ்டரைத் தாண்டினார். அங்கேயே நின்று கீழே குனிந்து பார்த்தார். “கோழிக்கூண்டு தாண்டிட்டேன் மிஸ்ஸி” என்றார். ஒன்பதாம் நாள் காலை முப்பது. அதே நாள் மூன்று பத்து இழுப்பையும் நடுத்துளை அடைப்பானில் முடித்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் யாருக்காவது சொல்ல வேண்டும். செல்வமேரியால் தினமும் வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வர முடியாது. மருத்துவமனைச் சிற்றுண்டிக் கடைக்கு ரொட்டி போட வரும் ரொட்டி பாய் தன் மோட்டார் சைக்கிளில் அந்தத் தோட்டத்துக்கும் போவார். அவரைப் பிடித்தேன்.

“பாய், சவரிமுத்து வீட்டுல சொல்லிருங்க. இன்னிக்கு அவரு நல்லா இழுத்துக்கிட்டு இருக்காரு. மருமவகிட்ட மறக்காம சொல்லுங்க.”

“கண்டிப்பா மிஸ்ஸி” என்றார். முகம் ஏன் அப்படிப் போனது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உங்களில் எத்தனை பேருக்கு இப்போதே புரிந்துவிட்டதோ தெரியவில்லை. ஒன்பது நாளாக வார்டில் என் வாயில் ஒரே சொல்தான். இழுங்க, இன்னும் இழுங்க, நல்லா இழுக்கிறீங்க. அந்தச் சொல்லுக்குத் தோட்டத்தில் என்ன பொருள் என்பது, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கே மறந்துபோயிருந்தது. ஒருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்றால் கடைசி மூச்சு போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

மறுநாள் காலை வார்டு வாசலில் தோட்டத்து லோரி வந்து நின்றது. விடியற்காலையில் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போக வேண்டிய ஆட்கள் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். செல்வமேரி முன்னால் ஓடி வந்தாள், தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. பின்னால் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், சாகப் போகிறவருக்கு அவஸ்தை பூசுவதற்கு எண்ணெய்ச் சிமிழோடு பாதர்.

சவரிமுத்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வாயில் குழாய். மூக்கில் துணிக் கிளிப். கையில் செபமாலை. ஐந்தாவது மணியில் இருந்தார் என்று நினைக்கிறேன். அவரை அந்தக் கோலத்தில் பார்த்ததும் கூட்டம் இன்னும் சத்தமாக அழுதது. சாகப் போகிறவருக்கு ஏதோ மாட்டி வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பாக் மாட் கட்டில்மேல் ஏறி நின்றுவிட்டார். “பெலும் மாத்தி லா! இன்னும் சாவல! நேத்து முப்பது நடந்தாரு! அழுவாதீங்க லா!”

யார் கேட்டார்கள்? வார்டில் இருந்த மற்ற நோயாளிகளும் எழுந்துவிட்டார்கள். தாதி ஒருத்தி கதவைச் சாத்தப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் ரவுண்டுக்கு வந்தார்.

“என்ன இது?” என்றார் என்னிடம்.

நான் செய்ததைச் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கும்படி தமிழிலும் சொன்னேன். “தப்பு என்னுது. மூச்சு நல்லா இழுக்கிறாருன்னு சொல்லி அனுப்புனேன். எனக்கு வாய்ல புத்தி இல்ல.” ரொட்டி பாயும் கூட்டத்தில்தான் நின்றார். “நான் ஒண்ணும் மாத்திச் சொல்லல மிஸ்ஸி. அந்த ‘நல்லா’வ மட்டும் வுட்டுட்டேன். இழுக்கிறதுல நல்லா இழுக்கிறது என்னா இருக்குன்னு...” என்றார்.

சிலர் சிரித்தார்கள். பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. நோயாளியைப் பற்றி மருத்துவமனை பொய் சொல்வது அவர்களுக்குப் புதிதில்லை. கூட்டத்தில் இருந்த மண்டோர் ஒருவர், தோட்டத்தில் ஆட்களை மேய்ப்பவர், சவரிமுத்துவின் பங்காளி, முன்னால் வந்தார். “போதும் மிஸ்ஸி. இந்தக் குழா, கிளிப்பெல்லாம் வேணாம். மனுசன கொடும பண்ணாதீங்க. நாங்க வீட்டுக்குக் கொண்டு போயிடறோம்.”

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம், இதற்குத்தான் நான் பயந்தேன்.

அப்போது சவரிமுத்து கிளிப்பைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தார். கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றார்.

“நான் நடந்து காட்டுறேன்” என்றார். “எல்லாரும் பாருங்க. நாப்பத்தாறும் நடக்கிறேன்.”

பிள்ளைகளே, இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். ஐம்பது பேர் பார்க்கிறார்கள். என் மேலதிகாரி பார்க்கிறார். என்னைத் திட்டிய மண்டோர் பார்க்கிறார். தாழ்வாரத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. முந்தின நாள் முப்பது நடந்தவர். அவருக்கும் ஆசை, எனக்கும் ஆசை. பொய் சொல்ல மாட்டேன், என் கால் அவருக்கு வழிவிட நகர்ந்துவிட்டது. நடந்துவிட்டால் எல்லார் வாயும் அடைந்துவிடும்.

“செபம் சொல்லுங்க” என்றேன்.

“அதெல்லாம் இப்ப எதுக்கு...”

“சொல்லுங்க.”

ஆரம்பித்தார். இரண்டாவது வார்த்தையில் நின்றார். மறுபடி நாலு வார்த்தை. நின்றார். அழுகைச் சத்தமும் லோரியும் பாதரும் சேர்ந்து அவர் நெஞ்சை உலுக்கிவிட்டிருந்தன. கழுத்து நரம்பு துடிப்பது எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. மூன்றாவது முறையும் நின்றார்.

“உக்காருங்க” என்றேன்.

“மிஸ்ஸி, எல்லாரும் பாக்கறாங்க...”

“பாக்கட்டும். இன்னிக்கு நடையில்ல. உக்காருங்க.”

உட்கார்ந்தார். என்னை அப்படி முறைத்தார். மண்டோர் திரும்பிப் பின்னால் நின்றவர்களிடம், “பாத்தீங்களா? நடக்கவே முடியல. நான் சொன்னேன்ல?” என்றார். எனக்குக் காது சுட்டது. நாற்பது வருடம் இந்த வேலையில் இருந்தேன், அன்றைக்கு நின்றது போல எந்தக் கூட்டத்தின் முன்னாலும் தோற்று நின்றதில்லை.

பெரிய டாக்டர் கட்டில் பக்கம் வந்தார். நாடியைப் பார்த்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். எடை எழுதிய தாளைப் புரட்டினார். ஒன்பது நாளில் எடை ஏறவில்லை. பிறகு கூட்டத்தைப் பார்த்து, உடைந்த தமிழில், “இவர் சாகலை. அடுத்த வாரம் வீட்டுக்கு வருவார். எல்லாரும் வேலைக்குப் போங்க” என்றார். என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: “இப்போது அவரை நடக்க விட்டிருந்தால் உன்னை இந்த வார்டிலிருந்தே அனுப்பியிருப்பேன். மீதி நாளையும் நடத்து.”

பாதர் சிமிழைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, செபமாலையைப் பார்த்து, “எத்தனை பத்து ஆச்சு?” என்று கேட்டார். “அரைப் பத்துதான் பாதர். இவங்க வந்து கெடுத்துட்டாங்க” என்றார் சவரிமுத்து.

கூட்டம் லோரி ஏறிய பிறகும் செல்வமேரி நின்றாள். வெளியே அழைத்துப் போய்த் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். மாத்திரையை ஏன் ஒளித்தார் என்று சொல்லலாமா எனத் தடுமாறினேன். அவர் என்னிடம் தனியாகச் சொன்னது. அவளுக்குத் தெரியாவிட்டால் வீட்டில் எதுவும் மாறாது. சொன்னால் அவர் மானம் போகும். சுற்றி வளைத்து, “காலைல போறது வர்றது அவருக்குச் சங்கடமா இருக்கு போல” என்று ஆரம்பித்தேன்.

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். “சட்டிதான மிஸ்ஸி? எனக்குத் தெரியாதா? நான் தூக்குறப்ப கண்ண மூடிக்குவாரு, தூங்குற மாதிரி. எனக்கு அருவருப்பு இல்ல. ஆனா அத நான் வாயத் தொறந்து சொன்னா அவரு செத்தே போயிருவாரு. அதான் நானும் பாக்காத மாதிரி தூக்கிட்டுப் போவேன்.”

இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நடுவில் மாத்திரை தலையணை உறைக்குள் போயிருக்கிறது. இதை எந்தப் பரிசோதனைக்கூடம் கண்டுபிடிக்கும், சொல்லுங்கள்.

பதினான்காம் நாள் நாற்பத்தாறும் நடந்தார். படி மூன்றும் ஏறினார், ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று. நீர் மாத்திரையை வேளை மாற்றி எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்டேன். செல்வமேரி வெட்டு முடிந்து வந்து வீட்டில் இருக்கும் நேரமாக மாற்றிக் கொடுத்தார். அடைப்பான்களையும் கிளிப்பையும் சவரிமுத்துவிடமே கொடுத்தனுப்பினேன்.

அவர் இருதயம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அப்படி எழுதினால் பொய். நோய் இருந்தது, மாத்திரை இருந்தது, இரண்டு முறை மறுபடி வார்டுக்கும் வந்தார். ஆனால் தானே நடந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகும் சில வருடம் இருந்தார். உங்களுக்கு அது சின்னதாகத் தெரிந்தால் இந்த வேலைக்கு வேண்டாம், வேறு வேலை பாருங்கள்.

ஒரே ஒரு நாளை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அவர் வீட்டுக்குப் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துக்குப் போய்ப் பார்ப்பது என் வேலையில் சேர்ந்ததில்லை, பஸ் பிடித்துப் போனேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரம் சமதளம். லயத்துப் பின்கட்டு அப்படியில்லை. முந்தின நாள் பெய்த மழையில் செம்மண் வழுக்கியது. மூன்று படியில் நடுப்படி உடைந்திருந்தது. அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

“இன்னிக்கு வேணாம்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் செபத்தைச் சொன்னார், கேட்காமலே. ஒரு முறைதான் நின்றார்.

“கூட வரேன்” என்றேன்.

“வேணாம் மிஸ்ஸி. நீங்க இங்கயே நில்லுங்க. மேரியும்தான்.”

நின்றோம். கோழிக்கூண்டைத் தாண்டினார். படியருகே முழங்காலில் கைவைத்து நின்றார். நான் மனசுக்குள் பத்து மணி எண்ணினேன். முதல் படி. உடைந்த படியைத் தாண்டி ஒரேயடியாக மூன்றாம் படிக்குக் கால் வைத்தார், அதை நான் பழக்கவே இல்லை. மேலே போய்த் திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்தார்.

“தாப்பா போடாதீங்க!” என்று கத்தினேன். உள்ளே மயங்கி விழுந்தால் கதவை உடைக்க வேண்டிவரும். புறப்படும் முன்பும் இரண்டு முறை சொல்லியிருந்தேன். “கேக்குதா? கதவச் சும்மா சாத்துங்க, தாப்பா...”

செல்வமேரி என் கையைப் பிடித்தாள். “விடுங்க மிஸ்ஸி.”

உள்ளிருந்து தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.